நெற்றி விளக்கும் ஒற்றைப் பேட்டரியும்



பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடியற்காலையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்கு முன் பட்டைக்குள் பால் விம்மி நிற்கும். வெட்டினால் தாராளமாக ஓடி மங்கில் சேரும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால்தான் பொழுது புலரும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

இருட்டில் செய்யும் வேலையென்றாலும் இது முரட்டு வேலையல்ல. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வளரும் படலத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி அதையும் தாண்டினால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கம் உளி வழுக்கிக்கொண்டு ஓடாது. அந்த ஒரு மில்லிமீட்டரைக் காண ஒளி வேண்டும். காலடியில் கிடப்பது விழுந்த கிளையா, வேறு ஏதாவதா என்று பார்க்கவும் ஒளி வேண்டும்.

நம்முடைய மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு அவரே புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். அந்தக் காலந்தொட்டுப் பால் வெட்டுகிறவர்களின் நெற்றியில் பலவகை விளக்குகள் ஏறி இறங்கிவிட்டன. கார்பைடு விளக்கைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், வாயு கிளம்பும், வெள்ளைப்பூண்டு போல ஒரு நாற்றம் வரும், சுடர் வெள்ளையாக எரியும். அதன் பின் டார்ச்சு பல்பு வந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் லயத்தை விட்டு ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்காப் பட்டணத்திலும் வீடு பார்த்துக்கொண்டன. ஆனாலும் பால் வெட்டு நின்றுவிடவில்லை. நெற்றி விளக்கும் நிற்கவில்லை. இரவுக் காவலர், மீன் பிடிக்கிறவர், மின்சாரம் தடைப்பட்ட வீட்டில் அடுப்படியில் நிற்கும் அம்மா என்று எல்லார் கைக்கும் அது வந்துவிட்டது.

இந்தப் புது விளக்கின் குணம் ஒன்று பலரைத் திகைக்க வைக்கிறது. பழைய டார்ச்சு சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும், கடைசியில் தணல் போல ஒரு இழை மட்டும் தெரியும். அதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். புது விளக்குகளில் பல அப்படியில்லை. மணிக்கணக்காக ஒரே அளவில் பளிச்சென்று எரிந்துவிட்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று அணைந்துவிடும். கையில் உளி, தோளில் காண்டா, நடு நிரையில் கும்மிருட்டு! விளக்கு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்படித் தூக்கிப் போட மனம் வராது.

முதலில் எல்.இ.டி.யைப் பார்ப்போம். பழைய பல்பு என்பது சூடாகி ஒளிவிடும் ஒரு கம்பி. கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் கொஞ்சம் எரியும், நிறையக் கொடுத்தால் நிறைய எரியும். எல்.இ.டி. என்பது ஒரு பக்கமாக மட்டுமே மின்சாரத்தை விடும் சிறு பளிங்குத் துண்டு. வெள்ளை எல்.இ.டி.யை ஒழுங்காக எரிய வைக்க ஏறத்தாழ மூன்று வோல்ட் வேண்டும். இரண்டு வோல்ட் கொடுத்தால் ஒளியே வராது. அதே சமயம், மூன்றைத் தாண்டிச் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பல மடங்காகப் பாய்ந்து துண்டு வெந்துபோகும். அது வாசற்படி வைத்த வீடு மாதிரி. படிக்குக் கீழே வெள்ளம் நின்றால் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வராது. படியைத் தாண்டி ஓர் அங்குலம் ஏறினாலோ, வீடு முழுவதும் தண்ணீர். ஆகவே எல்.இ.டி.க்கு இத்தனை வோல்ட் கொடு என்று கணக்குப் பண்ணுவதில் பயனில்லை. அதற்குள் ஓடும் மின்னோட்டத்தைத்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. விளக்குக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி பெயரளவில் 3.7 வோல்ட். முழுதாக ஏற்றினால் 4.2, தீரும் தறுவாயில் 3 வோல்ட். நல்ல வெளிச்சத்துக்கு மூன்று எல்.இ.டி. வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பக்கம் பக்கமாக இணைக்கலாமே என்று தோன்றும். இணைக்கலாம். ஆனால் மூன்றும் அச்சாக ஒன்றுபோல் இராது. வாசற்படி சற்றே தாழ்ந்த ஒன்று அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு முதலில் கருகும். ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்துவிட்டால் மூன்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடும், பாரபட்சம் இல்லை. ஆனால் வாசற்படி மூன்று மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஒன்றுக்கு 3.1 வோல்ட் என்றால் மூன்றுக்கு 9.3. கையில் இருப்பதோ 3.7. தாழ்ந்த இடத்துத் தண்ணீரை உயர்ந்த தொட்டிக்கு ஏற்றுவது எப்படி?

தண்ணீரிலேயே இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று மூடினால் குழாய் ‘தொம்’ என்று அதிரும், கேட்டிருப்பீர்கள். ஓடுகிற தண்ணீருக்கு வேகம் இருக்கிறது. நில் என்றால் உடனே நிற்காது; மோதும். அந்த மோதலில் ஒரு கணம் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. பிரான்சு நாட்டு மோன்கோல்ஃபியே 1796-ல் இந்த மோதலையே வேலை வாங்கினார். நீண்ட குழாயில் தண்ணீரை ஓடவிடுவது, ஒரு கதவைச் சட்டென்று மூடுவது, அழுத்தம் ஏறிய அந்தக் கணத்தில் கொஞ்சம் தண்ணீரை ஒருவழிக் கதவு வழியாக மேட்டுத் தொட்டிக்குள் தள்ளுவது, மறுபடியும் ஓடவிடுவது. எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஓடை நீர் தன்னைத் தானே மேட்டில் ஏற்றிக்கொள்ளும். ஏறுவது கொஞ்சம்தான், பெரும்பகுதி கீழே வழிந்துவிடும். ஆனாலும் ஏறுகிறது அல்லவா?

நெற்றி விளக்குக்குள் நடப்பது ஏறக்குறைய இதேதான். நீண்ட குழாயின் இடத்தில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பயற்றம் பருப்பை விடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டாகத் தெரியும். கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டமும் ஓடுகிற தண்ணீரைப் போலத்தான். சட்டென்று நிற்க மறுக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. திறந்து மூடும் கதவின் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர். ஒருவழிக் கதவின் இடத்தில் ஒரு டயோடு. மேட்டுத் தொட்டியின் இடத்தில் ஒரு மின்தேக்கி.

டிரான்சிஸ்டர் வழிவிடும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் சுருள் வழியாக ஓடி நேரே பேட்டரிக்குத் திரும்புகிறது. ஓட ஓட வேகம் கூடுகிறது. சுருளுக்குள் காந்த ஆற்றல் சேர்கிறது. எல்.இ.டி.க்கு இந்தச் சமயத்தில் தொட்டியில் இருக்கும் சேமிப்புதான் சாப்பாடு. பிறகு டிரான்சிஸ்டர் சட்டென்று மூடிக்கொள்கிறது. சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் நிற்க மறுத்து, எவ்வளவு வோல்ட் தேவையோ அவ்வளவுக்கு முட்டி ஏறி, டயோடைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குள் பாய்கிறது. டயோடு அதைத் திரும்பி வரவிடாது. உடனே டிரான்சிஸ்டர் மறுபடி திறக்கிறது. இந்தத் திறப்பும் மூடலும் வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை நடக்கிறது. எல்.எம். 3410 என்றொரு சில்லு இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. அதில் ஒரு வகை வினாடிக்கு 5,25,000 தடவையும் மற்றொரு வகை 16 லட்சம் தடவையும் திறந்து மூடுகின்றன. வேகம் கூடக் கூடச் சுருள் சிறியதாக இருந்தாலே போதும். விளக்கு நெற்றியில் கட்டுகிற அளவுக்குச் சிறுத்தது இந்த வேகத்தால்தான்.

அந்தச் சில்லைச் செய்த நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்துக்கு நம் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலை இருந்தது. 2011-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 1973-ல் மலாக்காவுக்கு வந்த சீமென்ஸ் தொழிற்சாலை 1999-க்குப் பின் இன்ஃபினியோன் ஆயிற்று. எல்.இ.டி. துண்டுகளையே செய்கிற டொமினன்ட் நிறுவனமும் பத்து பெரண்டாமில்தான் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஆலைப் பேருந்தில் ஏறிப்போய், நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்து, தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்திய அக்காமார்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதையின் பாதி முன்பே தெரிந்திருக்கும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. டிரான்சிஸ்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அதற்கேற்ப வோல்ட் ஏறும். பாதி நேரம் திறந்திருந்தால் இரு மடங்கு. நூற்றுக்கு 75 பங்கு நேரம் திறந்திருந்தால் நான்கு மடங்கு. நம் விளக்கில் 3.7-ஐ 9.5-க்கு ஏற்ற வேண்டும். அதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 61 பங்கு நேரம். பேட்டரி புதிதாக ஏற்றி 4.2 வோல்ட்டில் இருக்கையில் 56 பங்கே போதும். 3 வோல்ட்டுக்கு இறங்கும்போது 68 பங்கு.

வோல்ட்டை ஏற்றுவதால் ஆற்றலும் கூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வட்டிக்கடையில் கூட அப்படிப் பெருகாது. எல்.இ.டி. சங்கிலியில் 0.1 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 9.5 வோல்ட்டில் அது 0.95 வாட். சுருளும் டயோடும் டிரான்சிஸ்டரும் சூடாகி நூற்றுக்குப் பதினைந்து பங்கை விழுங்கிவிடுவதாக வைத்தால், பேட்டரி 1.1 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 0.3 ஆம்பியர். ஆக, 0.1 ஆம்பியர் ஒளிக்காக 0.3 ஆம்பியர் செலவு. மேலே ஏற்றிய தண்ணீர் குறைவு என்று சொன்னேனே, அதுதான். 2000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த பேட்டரி, அச்சடித்தது உண்மையானால், ஆறரை மணி நேரம் தாங்கும். மலிவுப் பேட்டரிகளில் அச்சடித்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சரி, 56-ஆ, 61-ஆ, 68-ஆ என்று சில்லுக்கு யார் சொல்வது? எல்.இ.டி. சங்கிலியின் வாலில் ஒரு சிறு மின்தடை இருக்கிறது. சங்கிலியில் ஓடும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். 1.9 ஓம் மின்தடையில் 0.1 ஆம்பியர் ஓடினால் அதன் மேல் 0.19 வோல்ட் நிற்கும். நான் சொன்ன எல்.எம். 3410 இந்த 0.19 வோல்ட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தால் டிரான்சிஸ்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும், கூடினால் குறைத்துக்கொள்ளும். தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சர்க்கரை அள்ளிப் போடும் கடைக்காரர் மாதிரி.

இப்போது அந்தத் திகைப்புக்கு விடை கிடைக்கிறது. பேட்டரி தளரத் தளரச் சில்லு அதிகமாக உழைத்து அதே 0.1 ஆம்பியரைக் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. தளர்ந்த பேட்டரியிலிருந்து இன்னும் அதிகமாகவும் உறிஞ்சுகிறது. 4.2 வோல்ட்டில் 0.27 ஆம்பியர் எடுத்தது 3 வோல்ட்டில் 0.37 ஆம்பியர் எடுக்கும். வெளியில் மங்கலே தெரியாது. கடைசியில் பேட்டரியின் காவல் சுற்று, இதற்கு மேல் எடுத்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று வாசலை அடைத்துவிடுகிறது. அதுதான் அந்தப் ‘பட்’. விளக்கு கெடவில்லை, கணக்கு தீர்ந்துவிட்டது.

எல்லா நெற்றி விளக்கிலும் இந்த அமைப்பு இராது. ஒரே எல்.இ.டி.யை லித்தியம் பேட்டரியோடு வெறும் மின்தடை வழியாக இணைத்த மலிவு விளக்குகள் உண்டு. அவை பழைய டார்ச்சு போலவே சிறுகச் சிறுக மங்கும். ஒன்றரை வோல்ட் சாதாரணப் பேட்டரி ஒன்றே ஒன்றைப் போட்டு வெள்ளை ஒளி வருகிறதென்றால், உள்ளே வோல்ட் ஏற்றும் சுற்று கட்டாயம் இருக்கிறது. உங்கள் விளக்கு எந்தச் சாதி என்று ஒருநாள் வீட்டில் முழுதாக ஏற்றி, மணி பார்த்து, அணையும் வரை எரியவிட்டுப் பாருங்கள். மணியைச் சுவரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கொரு முறை மறுபடி பார்த்தால் பேட்டரி எவ்வளவு முதுமையடைந்திருக்கிறது என்பதும் தெரியும். காட்டுக்குப் போகிறவர் சட்டைப் பையில் இன்னொரு சிறு விளக்கு இருக்கட்டும். பட்டென்று அணையும் விளக்குக்கு அதைத் தவிர வேறு மருந்தில்லை.

கைவேலை தெரிந்த தம்பிமார்களுக்கு இரண்டு செய்தி. மோட்டார் சைக்கிள் பேட்டரி 12 வோல்ட், பெரியது, இதை மாட்டினால் விளக்கு நாள் முழுக்க எரியுமே என்ற ஆசை வரும். வேண்டாம். இந்தச் சுற்று தாழ்ந்ததை உயர்த்தத் தெரிந்தது. உயர்ந்ததைத் தாழ்த்தத் தெரியாதது. படத்தை மனத்தில் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து சுருள், சுருளிலிருந்து டயோடு, டயோடிலிருந்து எல்.இ.டி. என்று எப்போதும் திறந்த ஒரு நேர்வழி இருக்கிறது. 12 வோல்ட் வந்தால் 9.5 வோல்ட் வாசற்படியைத் தானாகவே தாண்டிப் பாயும். டிரான்சிஸ்டர் சும்மா இருந்தாலும் தடுக்க ஆளில்லை. அந்த எல்.எம். 3410-க்கு உள்ளே விடத்தக்க உச்ச அளவே 5.5 வோல்ட்தான்.

மற்றொன்று, விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் எல்.இ.டி. கம்பியைக் கழற்றக் கூடாது. சங்கிலி அறுந்துவிட்டால் மின்தடையில் மின்னோட்டம் இல்லை. சில்லோ, குறைகிறது குறைகிறது என்று எண்ணி வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். நல்ல சுற்றில் இதற்கொரு தடுப்பு வைத்திருப்பார்கள். இல்லாத சுற்றில் மின்தேக்கியோ டிரான்சிஸ்டரோ தாங்காமல் போய்விடும். ஆடுகிற இணைப்பை ஈயம் வைத்து உறுதியாக்கிக்கொள்வது நல்லது. வியர்வையும் ஒட்டுப்பாலும் படுகிற விளக்கில் இது அடிக்கடி வருகிற கோளாறு.

இனி மங்க வைப்பது. மரத்தடியில் பால் ஏந்துவது ஒரு மங்கு, விளக்கு ஒளி குறைவது இன்னொரு மங்கு; நமக்கு இரண்டும் வேண்டும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முழு ஒளி, மறுமுறை அழுத்தினால் குறைந்த ஒளி. பழைய பல்பில் மங்க வைப்பதென்றால் மின்சாரத்தைக் குறைப்பதுதான். இங்கேயும் அப்படிச் செய்யலாம். 0.1 ஆம்பியருக்குப் பதில் 0.02 கொடு என்று சில்லிடம் சொன்னால் போதும். ஆனால் மிகவும் குறைக்கும்போது வெள்ளையின் சாயல் சற்று மாறும்; சில்லு அளந்து பார்க்கும் வோல்ட்டும் மிகச் சிறியதாகி அளவு பிசகும்.

அதனால் பெரும்பாலும் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். ஒளியைக் குறைக்காமல், எரியும் நேரத்தைக் குறைக்கிறார்கள். விளக்கை வினாடிக்கு 200 தடவையோ 1000 தடவையோ ஏற்றி அணைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் முழு ஒளி, நான்கு பங்கு நேரம் இருட்டு. கண்ணுக்கு அந்த வேகத்தைப் பிரித்தறியத் தெரியாது. வினாடிக்கு 24 தனித்தனிப் படங்களைத் திரையில் காட்டினாலே எம்.ஜி.ஆர். குதிரையில் ஓடுவதாகத் தெரிகிறதே! கண் எல்லாவற்றையும் கூட்டிக் கலந்து, ஐந்தில் ஒரு பங்கு ஒளியாக எடுத்துக்கொள்கிறது. எரியும்போதெல்லாம் முழு 0.1 ஆம்பியரிலேயே எரிவதால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

இங்கே இரண்டு வேகங்கள் இருப்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வோல்ட்டை ஏற்றும் கதவு வினாடிக்கு லட்சக்கணக்கில் அடிக்கிறது. மங்க வைக்கும் கதவு சில நூறு தடவைதான். இந்த மெதுவான கதவு ஒருமுறை திறந்திருக்கும் நேரத்துக்குள் வேகமான கதவு நூற்றுக்கணக்கான தடவை அடித்துத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். மங்க வைக்கும் வேகத்தை மிகவும் கூட்டினால் தொட்டி நிரம்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். கேட்ட அளவு ஒளி வராது. மிகவும் குறைத்தால் துடிப்பு கண்ணில் பட்டுத் தலைவலி கொடுக்கும்.

உங்கள் விளக்கு இந்த முறையில் மங்குகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. இருட்டறையில் குறைந்த ஒளியை வைத்து, அதன் முன் ஒரு வெள்ளைக் குச்சியை வேகமாக விசிறிப் பாருங்கள். சீரான கலங்கலாகத் தெரிந்தால் ஒளி தொடர்ச்சியாக இருக்கிறது. விசிறி மடிப்பு போலத் தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் துடித்துக்கொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியின் கேமரா வழியாகப் பார்த்தாலும் பல சமயம் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். இப்படித் துடிக்கும் ஒளியில் சுழலும் எந்திரத்தின் அருகே போவது ஆபத்து. புல் வெட்டும் எந்திரத்தின் தகடு சுழலும் வேகமும் ஒளி துடிக்கும் வேகமும் ஒத்துப்போனால் தகடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கையை நீட்டிவிடக் கூடாது. மரத்தில் உளி போகிற வேகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தில் ஒரு பங்கு ஒளி என்றால் பேட்டரிச் செலவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முழு ஒளியில் ஆறரை மணி நேரம் தாங்கிய விளக்கு, சில்லின் சொந்தச் செலவைக் கழித்தாலும், 30 மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். அதேசமயம் ஐந்தில் ஒரு பங்கு ஒளி என்பது கண்ணுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண் பாதி அளவு போல எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கும் அங்கிருந்து நிரைக்கும் நடக்கும்போது குறைந்த ஒளி போதும். உளியைப் பட்டையில் வைக்கும்போது முழு ஒளிக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்கு மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் நடையாகப் போகிறதென்றால், மிச்சமாகும் பேட்டரி முழு ஒளியில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு வரும். மரத்துக்கு மரம் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது தொல்லையென்று சொல்வார்கள். அதுவும் நியாயம்தான், பால் பட்ட விரலுக்கு அந்தச் சிறிய பொத்தான் எளிதில் அகப்படாது.